மான்செல் திருப்பி விடாத மீன்

"நான் புடிச்ச மீனு போற எடம் ஒண்ணே ஒண்ணுதான். என் வீட்டுக்காரி சட்டி! அது ஆத்துக்குத் திரும்பிப் போச்சுன்னு எவனாவது காதால கேட்டா, அன்னைக்கே என் தூண்டில் கோலை முறிச்சு உங்க அடுப்புல வெச்சு எரிச்சுக்குங்க!"

எங்கள் ஊரான கும் ஹெலிக்கின் ஈத்தூண்டில் சங்க ஆண்டு விருந்தில், கோழிக்கறிக்கும் இனிப்புக்கும் நடுவே, நாற்காலி மேல் ஏறி நின்று மான்செல் பிராசர் செய்த பிரகடனம் இது. விருந்தில் கோழி எதற்கு என்று புதியவர்கள் கேட்பதுண்டு. எங்கள் உறுப்பினர்களின் மீன்பிடித் திறமையை நம்பி இலை போட எந்தச் சமையற்காரரும் முன்வந்ததில்லை என்பதுதான் பதில்.

ஈத்தூண்டில் என்பது புழுவை மாட்டிவிட்டுக் கரையில் குந்தியிருக்கும் சோம்பேறிகளின் வேலை அல்ல. தூண்டில் முள்ளில் இறகையும் மயிரையும் நூலால் கட்டி, அதைப் பூச்சி என்று மீனை நம்பவைக்கும் உயர்தர மோசடி. இந்த மோசடியை முறையாக நடத்த எங்களிடம் ஒரு தலைவர் இருந்தார், ஒரு செயலாளர் இருந்தார், ஒரு துணைக்குழு இருந்தது, துணைக்குழு என்ன செய்கிறது என்று விசாரிக்க இன்னொரு குழுவும் இருந்தது. மீன்தான் சில வருடங்கள் இருப்பதில்லை.

குளிர்காலத்தில் செவ்வாய்க்கிழமை தோறும் ரக்பி கிளப்பின் மாடியில் கூடிப் பூச்சி கட்டுவோம். பீர் கோப்பையில் மயிலிறகு மிதக்கும். மயிருக்குப் பஞ்சம் வந்தால் மான்செலின் கண் எங்கள் வீட்டுப் பூனை மேல் போகும். அவருக்கு அடுத்த வீடு எங்களுடையது, நடுச்சுவர் ஒன்றுதான். நெவில் என்ற அந்தப் பூனையின் முதுகில் ஒரு வழுக்கை இருந்ததற்கு மருத்துவர் சொன்ன காரணம் ஒவ்வாமை. உண்மைக் காரணம் மான்செலின் கத்தரிக்கோல்.

வசந்தத்தில் மைதானத்துப் புல்லில் நின்று வீசிப் பழகுவோம். ஒருமுறை மான்செல் வீசிய தூண்டில் தலைவரின் தொப்பியைக் கவ்வி எடுத்தது. "சின்னதுதான், ஆனாலும் விடமாட்டேன்" என்று தொப்பியை வீட்டுக்கே கொண்டுபோய்விட்டார்.

மான்செல் ஆயுளில் பாதியை நிலத்துக்கு அடியில் நிலக்கரி வெட்டிக் கழித்தவர். அப்போது எங்கள் ஆறு அவருடைய சட்டையைப் போலவே கறுப்பு. சுரங்கத்தை மூடினார்கள். எங்களுக்கு வேலை போனது, ஆறு தெளிந்தது, டிரவுட் மீன்கள் திரும்பி வந்தன. செய்ய வேலையில்லாத ஆண்களும் பயப்பட ஆளில்லாத மீன்களும் சந்தித்துக்கொண்ட இடத்தில் சங்கம் பிறந்தது. எங்களில் வீசத் தெரியாத ஒரே ஆள் மான்செல். தவறாமல் மீன் கிடைத்த ஒரே ஆளும் அவரே. இதற்குச் சங்கம் இன்றுவரை விளக்கம் கண்டுபிடிக்கவில்லை.

மீன் கிடைத்த சாயங்காலங்களில் அவர் தன் வீட்டுப் பின்வாசலுக்கு வருவார். மீன் பைக்குள் கிடக்க, இரண்டு கையும் காலியாக இருந்தாலும் கதவைக் காலால்தான் தட்டுவார்.

"யாரது?" என்பாள் உள்ளேயிருந்து அவர் மனைவி டெக்வென்.

"பெரிய மீன் முதலாளி வந்திருக்கேன்."

"முதலாளிக்குக் கை இல்லையா?"

"கை நெறைய சரக்கு இருக்கு தாயே."

"பூட்ஸைக் கழட்டிட்டு வா. போன தடவை கொண்டாந்த சேறே இன்னும் போகல."

அதன்பின் பன்றிக்கொழுப்பு உருகும் சத்தம், ஓட்ஸ் மாவில் புரட்டிய மீன் சட்டியில் விழும் சத்தம். சுவருக்கு இந்தப் பக்கம் நெவில் எழுந்து உட்காரும். அந்த வசனத்தை அவர்கள் ஒருநாளும் மாற்றவில்லை. சேறு மட்டும் புதிது.

இப்படி இருந்த உலகத்தில் கெரைன்ட் சங்கத் தலைவரானார். ஓய்வுபெற்ற பல் மருத்துவர். வாழ்நாள் முழுக்க வாயிலிருந்து பிடுங்கியே பழகியவருக்கு, வயதான காலத்தில் எதையாவது திருப்பி வைக்க வேண்டும் என்று தோன்றியிருக்கலாம். வறண்ட கோடை ஒன்றில் மீன் மிகவும் குறைந்துவிட, பிடித்த மீனை உயிரோடு ஆற்றிலேயே விட வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். எல்லாக் கைகளும் உயர்ந்தன. மான்செலின் கை மட்டும் கோப்பையை விட்டு அசையவில்லை.

மீனை எப்படி விடுவது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை செயல்முறை விளக்கம் நடந்தது. மீன் கிடைக்காததால் தலைவரின் கம்பளிக் காலுறையில் மணல் நிரப்பி அதையே மீனாக நியமித்தார்கள். கெரைன்ட் முழங்கால் தண்ணீரில் நின்று பேசினார்.

"மொதல்ல கையை நனைச்சுக்கணும். வயித்துக்கு அடியில லேசா ஏந்தணும். தலை நீரோட்டத்தப் பார்த்து இருக்கணும். அவசரப்படக் கூடாது. அதுக்கு மூச்சு திரும்பி வர்ற வரைக்கும் புடிச்சிருக்கணும். அதுவா போகும், நாம தள்ளக் கூடாது."

"டாக்டர்!" என்று கரையிலிருந்து மான்செல் கத்தினார். "காலுறைக்கு மூச்சு வந்துடுச்சா? இல்ல வீட்டுக்காரம்மாவக் கூப்பிடட்டுமா?"

தலைவரின் கை நழுவி, காலுறை ஆற்றோடு போனது. விளக்கம் வெற்றிகரமாக முடிந்ததாகச் செயலாளர் அறிவித்தார்.

சட்டத்தை மான்செல் ஒரு நாள்கூட மதிக்கவில்லை. விசாரணைக்கு அழைத்தால், "சாட்சியத் தின்னாச்சு" என்பார். சங்கத்தின் ஆற்றுக் காவலர் ஹேடன் கையும் களவுமாகப் பிடித்தால்தான் உண்டு. ஹேடன் முன்னாள் தபால்காரர். வருவது யாருக்கும் தெரியாமல் வருவதில் கெட்டிக்காரர். இன்னொரு முறை பிடிபட்டால் மான்செலின் பெயரைச் சங்கத்திலிருந்தே நீக்குவது என்று குழு முடிவு செய்திருந்தது. பெயர் போனால் ஆறும் போகும். அந்த நேரத்தில்தான் டெக்வெனுக்கு வயிற்றில் நோய் வந்தது.

சாப்பாடு ஒன்றும் இறங்கவில்லை. சூப் கொண்டுபோனோம், கஸ்டர்ட் கொண்டுபோனோம், தேவாலயத்துப் பெண்கள் ஆட்டிறைச்சிக் கஞ்சி கொண்டுபோனார்கள். எல்லாவற்றுக்கும் நன்றி சொல்லிவிட்டு ஓரமாக வைத்துவிடுவாள். மான்செல் கொண்டுவரும் சின்ன டிரவுட் மட்டும் இறங்கியது. இப்போது சட்டி அவர் கையில். அவள் கட்டிலிலிருந்தே அதிகாரம் செய்வாள்.

"கருகுது, திருப்பு."

"எனக்குத் தெரியும்."

"என்ன தெரியும்? நெலக்கரி வெட்டத் தெரியும். அதே நெறத்துல மீனையும் கொண்டாருவ. திருப்புய்யா!"

ஒருநாள் கெரைன்ட் பார்க்க வந்தார். சட்டத்தை இயற்றியவர் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, சட்டத்துக்குப் புறம்பான மீன் தட்டில் வந்தது. டெக்வென் அதைத் துளித்துளியாக எடுத்துச் சாப்பிட்டாள். அவர் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். தொழில் பழக்கமாகவும் இருக்கலாம்.

"மீன் கடையில வாங்கினதா மான்செல்?" என்றார் கடைசியில்.

"இல்ல டாக்டர்."

"நான் கடையிலன்னுதான் நெனச்சேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

அடுத்த கூட்டத்தில் தலைவர் அவசரத் தீர்மானம் ஒன்று கொண்டுவந்தார். கரையோரத்துப் பறவைகள் திடீரென்று ஆளைக் கண்டு மிரள்வதைத் தவிர்க்க, காவலர் இனி ரோந்து போகும்போதெல்லாம் உரக்கப் பாடிக்கொண்டே போக வேண்டும். எந்தப் பறவை என்று ஒருவரும் கேட்கவில்லை. எல்லாக் கைகளும் உயர்ந்தன. மான்செல் அன்று வரவில்லை, வீட்டில் மீனைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

ஊரில் பாடகர் குழுவில் இடம் கிடைக்காத ஒரே ஆண் ஹேடன்தான். சுருதி பக்கத்து ஊரில் இருந்தால் அவர் இந்த ஊரில் இருப்பார். அவரைத்தான் சங்கம் தீர்மானம் போட்டுப் பாடச் சொன்னது. கண்கலங்கி நன்றி சொன்னார். மறுநாளிலிருந்து பாலத்தில் ஏறும்போதே தேவாலயப் பாட்டைப் பிடித்துவிடுவார். மலையில் ஆடுகள் மேய்வதை நிறுத்தித் தலை தூக்கும். மான்செல் மீனைப் பைக்குள் போட்டுக்கொண்டு மரங்களுக்குப் பின்னால் போய் நின்று, மூன்றாவது சரணம் முடியும்வரை காத்திருப்பார்.

"மனுசனாய்யா அவன்? அவன் பாடினா மீனெல்லாம் கடலுக்கே ஓடிடும்போலருக்கு" என்று சுவருக்கு அந்தப் பக்கம் டெக்வெனிடம் அலுத்துக்கொள்வார். ஹேடன் எதற்காகப் பாடுகிறார் என்று மான்செலுக்குத் தெரியும். எங்களுக்கும் அவருக்குத் தெரியும் என்று தெரியும். இதை யாரும் யாரிடமும் சொல்லாமல் காப்பாற்றியதுதான் எங்கள் சங்கம் இதுவரை உருப்படியாக நடத்திய ஒரே காரியம்.

முதலில் அவள் முழு மீன் சாப்பிட்டாள். பிறகு பாதி. பிறகு முறுகலான தோல் மட்டும். ஜூலையில், "இங்க பக்கத்துல வெச்சுப் பொரி, வாசனை வரட்டும்" என்றாள். சின்ன மின்அடுப்பைக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துப் பொரித்தார். அந்த வாரத்தில் போய்விட்டாள்.

சங்கத்து ஆட்கள்தான் தூக்கினோம். தேவாலயத்தில் ஊரே நாலு குரலில் பாடியது. ஹேடன் முன்வரிசையில் நின்று, அவளுக்கு மரியாதையாக, வாயை மட்டும் அசைத்தார்.

அதற்குப் பின்னும் பாடச் சொன்ன தீர்மானத்தை ரத்து செய்ய யாருக்கும் மனம் வரவில்லை. ஆகஸ்ட் மாதத்தில் மான்செல் மறுபடி ஆற்றுக்குப் போனார். ஒரு சாயங்காலம் பின்பக்கம் அவருடைய பூட்ஸ் சத்தம் கேட்டது. கதவைக் காலால் தட்டினார். பழக்கம். தட்டிவிட்டு அங்கேயே நின்றார். இந்தப் பக்கம் என் மனைவி கையிலிருந்த பாத்திரத்தைக் கழுவாமல் பிடித்துக்கொண்டு நின்றாள். ரொம்ப நேரம் கழித்து அவரே கதவைத் திறந்துகொண்டு போனார். பூட்ஸைக் கழற்றி வாசலில் வைத்திருந்தார். மீன் ஜன்னல் விளிம்பில் இருந்தது. காலையில் நெவில் அதைத் தலை முதல் வால் வரை முடித்து, தன் முதுகுக்கு நஷ்ட ஈடு வசூலித்துக்கொண்டது.

செப்டம்பர் கடைசியில், மீன்பிடிக் காலம் முடியப்போகும் ஒரு சாயங்காலம், ஹேடனுக்குத் துணையாக நானும் கரையோரம் நடந்தேன். அவர் பாடிக்கொண்டு வந்தார். வளைவு திரும்பியதும் மான்செல் தெரிந்தார். மரத்துக்குப் பின்னால் போகவில்லை. நடு ஆற்றில் இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார். கோல் வில்லாக வளைந்திருந்தது. சங்கம் அதுவரை வாயால் மட்டுமே பிடித்திருந்த அளவிலான மீன் அது. ஒரு முறை மேலே வந்து முதுகைக் காட்டிவிட்டுப் போனது.

ஹேடன் பாட்டை நிறுத்தினார். எங்கள் எழுதாத சட்டப்படி அவர் பார்க்கக் கூடாது. இருவரும் திரும்பி, ஆற்றுக்கு முதுகைக் காட்டி, மலையில் ஆடுகளைப் பார்த்துக்கொண்டு நின்றோம். இனி ஒரு சத்தம் வர வேண்டும். மீனின் தலையில் அடிக்கும் குட்டைத் தடிக்கு இங்கே பாதிரியார் என்று பெயர், கடைசிச் சடங்கைச் செய்வது அதுதானே. மான்செலின் பாதிரியார் சுரங்கக் கோடரியின் பிடியிலிருந்து செதுக்கியது. அதன் ஒற்றை அடி பாலம் வரை கேட்கும்.

கைவலை தண்ணீரில் இறங்கும் சத்தம் கேட்டது. அவருடைய மூச்சிரைப்பு கேட்டது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

"இன்னுமா?" என்றார் ஹேடன் உதட்டை அசைக்காமல்.

"இரு."

ஆடுகள் எங்களைப் பார்த்தன. நாங்கள் ஆடுகளைப் பார்த்தோம். கடைசியில் இருவரும் ஒரே நேரத்தில் திரும்பிவிட்டோம்.

மான்செல் குனிந்திருந்தார். மீனின் வயிற்றுக்கு அடியில் லேசாகக் கையை ஏந்தி, தலை நீரோட்டத்தைப் பார்த்து இருக்கும்படி பிடித்திருந்தார். அவசரப்படவில்லை. அதன் செவுள் திறந்து மூடுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். கை விரிந்திருந்தது, தள்ளவில்லை. அது நெடுநேரம் அவர் கையிலேயே இருந்தது. பிறகு வாலை ஒருமுறை சுழற்றியது. தண்ணீர் தெறிக்கும் சத்தம் எங்கள் இரண்டு பேர் காதிலும் விழுந்தது.

அவர் கரையேறி எங்களிடம் வந்தார். சட்டைக் கை தோள்வரை நனைந்திருந்தது.

"ஏதாச்சும் கெடச்சுதா மான்செல்?" என்றார் ஹேடன்.

"ஒரு காலுறை" என்றார். "போயிடுச்சு."

தூண்டில் கோலை, முறிக்கத் தோதாக நடுவில் பிடித்து, ஹேடனிடம் நீட்டினார். ஹேடன் அதைப் பார்த்தார், ஆற்றைப் பார்த்தார், வாங்கவில்லை.

"எங்க வீட்ல கேஸ் அடுப்புப்பா" என்றார்.