கண்ணீர் அளவு உப்பு

பேதி கண்ட வீடுகளைத் தேடிப்போய் மல சாம்பிள் பாட்டில் வாங்கிவரும் உத்தியோகம் நம்முடையது. சக லேப் டெக்னீசியன்களே, உங்கள் வீட்டிலும் இலை போட்டபிறகு ஆபீஸ் கதை பேசத் தடைதானே? எழுபதுகளின் கடைசியில் வேலூரில் நான் பட்ட பாட்டைக் கேளுங்கள்.

கொதித்தும் போகாதது

குழந்தைகளுக்குப் பேதி தரும் ஒரு கிருமி, குடல் சுவரில் ஒட்டிக்கொண்டு பெப்டைடு என்னும் துளியூண்டு புரதத் துண்டைக் கக்கும். உடனே குடல், குழாயைத் திறந்துவிட்டதுபோல் தண்ணீரைக் கொட்டும். கிருமி வளர்ந்த திரவத்தைக் கொதிக்கவைத்து எலிக்குட்டிகளுக்குப் புகட்டிப் பார்ப்போம். கிருமி செத்திருக்கும், பெப்டைடு மட்டும் கொதித்தும் சிதையாது, குட்டிகளின் குடல் வீங்கிவிடும். என்னோடு வேலை பார்த்த தேவராஜ் சலித்துக்கொண்டான்: "ஆள் போய்ட்டான், அவன் பண்ண பேஜார் மட்டும் போவல!"

குடியாத்தத்துக் குடித்தனக்காரன்

ஒப்பிட்டுப் பார்க்க ஆரோக்கியமானவர்களிடமும் பாட்டில் வாங்குவோம். குடியாத்தத்தில் லுங்கி நெய்யும் ஒருவரிடம் அதே இனக் கிருமி இருந்தது. மனிதர் வெலவெலத்துப் போனார். எல்லார் குடலிலும் அது குடியிருக்கும், பெப்டைடு செய்யத் தெரிந்த சிலதுதான் வம்பு பண்ணும் என்றேன். "அப்போ என்னுது சாதுதானே? இருந்துட்டுப் போவட்டும் வுடுங்க!"

உப்புக்காரர்

ஆம்பூரில் முனிரத்தினம், தோல் பதனிடும் ஷாப்பில் பச்சைத்தோலுக்கு உப்புப் போடுகிறவர். அவருடைய கைக்குழந்தைக்குப் பேதி. பாட்டில் வாங்கப் போனேன். குழந்தை கண் குழிவிழுந்து, சொட்டுக் கண்ணீர் இல்லாமல் அழுதுகொண்டிருந்தது; உடம்பில் நீர் வற்றிவிட்ட அடையாளம். ஆறிய வெந்நீரில் சர்க்கரையும் உப்பும் கலக்கினேன். முனிரத்தினம் டம்ளரைப் பிடுங்கிவிட்டார். "தோலுக்கு உப்பு போட்டா இருக்கற தண்ணியெல்லாம் வெளிய வந்துடும் சார். எம் புள்ளையையும் காய வெக்கப் போறீங்களா?"

அவர் போடுவது கூடைக் கணக்கு, நான் போட்டது சிட்டிகை என்று எப்படிச் சொல்வது? "கண்ணீரைவிடக் கரிக்கக் கூடாது, அதுதான் அளவு. சர்க்கரையோடு உப்பு சேர்ந்தால் குடல் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும், அந்த வழியைக் கிருமியால் அடைக்க முடியாது. குடித்துப் பாருங்கள்" என்றேன். அவர் கன்னத்தில் ஏற்கெனவே கண்ணீர் வழிந்துகொண்டிருந்ததால் ஒப்பிடச் சிரமமில்லை. ஒரு வாய் குடித்தார், பிறகு அவரே குழந்தைக்குக் கரண்டி கரண்டியாகப் புகட்டினார். சாயங்காலம் நான் திரும்பப் போனபோது என்னைக் கண்டதும் குழந்தை வீறிட்டது. முனிரத்தினம் தெருவுக்கே கேட்கும்படி கத்தினார்: "அழுவுது சார்! தண்ணியோட அழுவுது!"

நம்மைப் பார்த்துப் பிள்ளை கண்ணீர் விட்டால் சந்தோஷமாக வீடு திரும்பும் உத்தியோகம் நம்முடையதைத் தவிர வேறு எது இருக்கிறது, சொல்லுங்கள்!