ஊருக்குப் போகாத உடுப்புகள்

அந்தப் பை இப்போதும் கண் முன்னால் நிற்கிறது. மெல்லிய வெள்ளைப் பிளாஸ்டிக். கையில் எடுத்தால் சரசரக்கும். முன்பக்கத்தில் சிரிக்கிற ஒரு பிள்ளையின் படம். எந்த நாட்டுப் பிள்ளை என்று சொல்ல முடியாது. எங்கள் பிள்ளை மாதிரியும் இருக்கும், வேறெங்கோ உள்ள பிள்ளை மாதிரியும் இருக்கும். படத்துக்குக் கீழே ஆங்கிலத்தில் நாலைந்து வரி. அதற்கும் கீழே நீளமான ஒரு பதிவு இலக்கம். திங்கட்கிழமை வீடு வீடாகப் போய்க் கதவில் கடிதம் போடும் துவாரத்துக்குள் பையைச் செருகுவேன். வியாழக்கிழமை வான் வண்டியில் போய், வாசலில் நிரப்பி வைத்திருப்பதைத் தூக்குவேன். பழைய உடுப்பு, கால் சப்பாத்து, போர்வை. இல்லாத பிள்ளைகளுக்கு உதவச் சொல்லி அதில் எழுதியிருப்பதாக முதலாளி சொன்னான். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். அந்த இலக்கத்தைப் பார்த்ததும் அரசாங்கமே கையெழுத்துப் போட்டது போல எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

அதற்கு முன் பாரிஸில் பாத்திரம் கழுவினேன், சுவிஸில் கோழிப் பண்ணையில் நின்றேன், ஒரு குளிர்காலம் படுக்க இடமில்லாமல் பஸ்களிலேயே சுற்றினேன். ஓரிடத்தில் இரண்டு வருடத்துக்கு மேல் நான் இருந்ததில்லை. லண்டனில் வான் ஓட்டும் வேலை என்றதும் சரி என்றேன். முதலாளி என்னைவிடப் பத்து வயது இளையவன், எங்கள் ஆள். செவன் கிங்ஸ் பக்கத் தெருக்களை எனக்கென்றே ஒதுக்கினான். "அண்ணை, அங்கை எங்கடை சனம். உங்கடை முகத்தைக் கண்டால் இரண்டு பை கூடத் தருவினம்" என்றான். அதை அவன் எனக்குத் தந்த மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

அந்தத் தெருக்களில் ஒன்றில்தான் அக்கா இருந்தார். என் சொந்த அக்கா இல்லை. அறுபது தாண்டியவர், கணவர் இறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. முதல் வியாழக்கிழமை கதவைப் பாதி திறந்து வானைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"வெள்ளை வான். ஊரிலை இதிலை வந்துதான் ஆக்களைத் தூக்கினவங்கள். நீர் உடுப்புத் தூக்கிறீராக்கும்."

"உடுப்பு மட்டுந்தான் அக்கா" என்றேன். அவர் சிரித்துவிட்டுக் கதவை முழுதாகத் திறந்தார்.

மூன்று பைகள் வைத்திருந்தார். எல்லாம் கணவருடையவை. கடையொன்றில் காவலாளியாக நின்ற மனிதராம். சேட்டுகளைத் தோய்த்து, இஸ்திரி போட்டு, கழன்ற பொத்தான்களைக்கூடத் தைத்து அடுக்கியிருந்தார். மூன்றாவது பையில் முழுக்கச் சரங்கள். மற்றவர்கள் லுங்கி என்பதை நாங்கள் சரம் என்போம்.

"இது ஊருக்குத்தானே போகுது, தம்பி? இங்கை ஆர் சரம் கட்டப் போறான்? சண்டை முடிஞ்சு முகாமிலை இருந்து வந்து இன்னும் நிமிர ஏலாமல் கிடக்கிற சனத்துக்கெண்டால்தான் தருவன்."

"ஓம் அக்கா. ஊருக்குத்தான்" என்றேன்.

எனக்குத் தெரியாது. முதலாளி ஒருநாளும் ஊரின் பெயரை எடுத்ததில்லை. பிறகு ஏன் ஓம் என்றேன்? வானை நிறுத்தக் கூடாத இடத்தில் நிறுத்தியிருந்தேன், அந்த அவசரம் என்று சில நாள் எனக்கே சொல்லிக்கொள்வேன். அந்த முகத்துக்கு முன்னால் இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை என்று வேறு சில நாள். உள்ளுக்குள் எனக்கு அப்போதே ஏதோ தெரிந்திருந்தது என்றும் இடைக்கிடை தோன்றும். இதில் எது உண்மை என்று என்னால் பிரித்தெடுக்க முடியவில்லை. அதன்பிறகு அக்கா அயல் வீடுகளிலும் சேர்த்துவைக்கத் தொடங்கினார். "எங்கடை பெடியன், நம்பிக் குடுக்கலாம்" என்று ஐம்பது வயதான என்னைக் காட்டி அயலாருக்குச் சொல்வார்.

வழக்கமாகக் கிடங்கு வாசலில் வானை விட்டுவிட்டுச் சாவியைக் கொடுத்துப் போய்விடுவேன். ஒருநாள் மழைக்கு உள்ளே ஒதுங்கினேன். உடுப்புகளை இயந்திரம் பெரிய பெரிய பொதிகளாக அமுக்கிக் கட்டிக்கொண்டிருந்தது. பொதிகளைத் தராசில் நிறுத்து ஒரு வெளிநாட்டு லொறியில் ஏற்றினார்கள். ஒரு மூலையில், விலைபோகாத துணிகளை இரண்டு பெண்கள் சதுரம் சதுரமாக வெட்டினார்கள். அவர்களில் ஒருத்தியின் மடியில் நீலக் கட்டம் போட்ட சரம் கிடந்தது. அக்கா தந்த பையில் மேலாக இருந்த அதே சரம். கத்தரி அதன் நடுவே போய்க்கொண்டிருந்தது.

முதலாளியிடம் போனேன். "பிள்ளையளுக்கு எண்டெல்லோ சொன்னனீ?"

"வித்து வாற காசிலைதான் அண்ணை உதவி."

"எந்தப் பிள்ளையளுக்கு?"

"உதெல்லாம் உங்களுக்கு என்னத்துக்கு அண்ணை? சம்பளம் வருதெல்லோ?"

கோபமில்லாமல்தான் சொன்னான். அவன் என்னை அண்ணை என்றதும் நான் அவரை அக்கா என்றதும் ஒரே வேலையைத்தான் செய்திருக்கின்றன என்று அப்போது விளங்கியது. அந்தக் கிழமையோடு வேலையை விட்டேன்.

அக்காவிடம் போய்ச் சொன்னேன். சரம் வெட்டியதை மட்டும் சொல்லவில்லை. அவருடைய மகள் பையை வாங்கி இலக்கத்தைப் போனில் தேடினாள். "அம்மா, இது கம்பெனி நம்பர். கம்பெனி எண்டு பதிஞ்சால் ஆருக்கும் இப்பிடி ஒண்டு குடுப்பினம். சாரிட்டிக்கு வேறை நம்பர்." அரசாங்கத்தின் தர்ம நிறுவனப் பட்டியலில் பையிலிருந்த பெயரையும் போட்டுப் பார்த்தாள். அப்படியொரு சாரிட்டியே இல்லை. அரை நிமிட வேலை.

"நம்பர் இருக்கோ எண்டு பாத்தனான். என்ன நம்பரெண்டு பாக்கேல்லை" என்றார் அக்கா. பிறகு என் பக்கம் திரும்பினார். "உம்மைக் கண்டாப் பிறகு எனக்கு நம்பர் என்னத்துக்கு?"

அவர் என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் கிளம்பியிருப்பேன். கொடுக்காமல் மிச்சமிருந்த ஒரு பையை என்னிடம் தூக்கத் தந்து, பெரிய தெருவில் இருந்த சாரிட்டி கடைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். அங்கிருந்த வெள்ளைக்காரப் பெண்ணிடம் இந்த உடுப்பு எங்கே போகும் என்று கேட்டார். நல்லதை இங்கேயே விற்போம், விலைபோகாததைக் கிலோக் கணக்கில் நிறுத்து வியாபாரிக்குக் கொடுப்போம், வருகிற காசு நோயாளிகளைப் பார்க்கும் இல்லத்துக்குப் போகும், வெளிநாட்டுக்கு நாங்கள் எதையும் அனுப்புவதில்லை என்று அவள் சொன்னாள். அக்கா பையைக் கொடுத்தார்.

எனக்கு இது விளங்கவில்லை. இங்கேயும் நிறுத்துத்தான் விற்கிறார்கள். இந்தப் பையும் ஊருக்குப் போகாது. வழியில் அதை அக்காவிடம் கேட்டேன்.

"அவ கேட்டவுடனை உள்ளதைச் சொன்னா, தம்பி. நீர் ஓம் எண்டீர்."

இப்போது லண்டனிலேயே மோர்டனில் ஒரு பலசரக்குக் கடையில் வேலைக்கு நிற்கிறேன். உதவிக்குக் காசு கேட்டு உண்டியலோடு வருகிறார்கள், போனில் படத்தோடு வருகிறார்கள். கையில் காசு கொடுப்பதில்லை. பெயரையும் இலக்கத்தையும் வாங்கி, தேடிப் பார்த்துவிட்டு நானே நேராக அனுப்புகிறேன். "என்ன அண்ணை, எங்களையே நம்பேல்லையோ?" என்று கேட்கிறார்கள். அண்ணை என்றால் எனக்கு இன்னும் பயம் கூடுகிறது. ஒருமுறை ஒரு பெண் தன் தங்கையின் சத்திரசிகிச்சைக்கு என்று வந்தாள். அவளிடம் இலக்கம் எதுவும் இல்லை. ஆஸ்பத்திரியின் பெயரைக் கேட்டேன். முகம் சுண்டித் திரும்பிப் போய்விட்டாள். அவள் உண்மையாகவே ஒரு தங்கைக்காக வந்திருக்கலாம். ஒரு பொய்க்காரியிடமிருந்து தப்பினேனா, உதவி வேண்டிய ஒருத்தியைத் துரத்தினேனா, தெரியவில்லை.

அக்காவோடு சாரிட்டி கடைக்குப் போன அன்று, திரும்பி அவர் வீட்டு வாசல் கேற்றடிக்கு வந்தபோது அவர் நின்றார்.

"சரங்கள் என்னவாச்சு, தம்பி? அதையும் வித்தவங்களோ?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அதுதான் இரக்கமாகவும் இருந்திருக்கும். ஆனால் ஒருமுறை அவருக்கு விருப்பமானதைச் சொன்னதால் வந்தது போதும் என்று இருந்தது.

"வெட்டினவங்கள் அக்கா. கராஜுகளிலை எண்ணெய் துடைக்க."

அவர் கேற்றைத் திறந்தார்.

"அதுக்கென்ன, இவரும் பழஞ் சரத்தைக் கிழிச்சுத்தான் கார் துடைக்கிறவர்" என்றார். "போயிட்டு வாரும். குளிருது."

அந்த வாசலில் நான் ஒருநாளும் கார் கண்டதில்லை. கணவர் போன பிறகு விற்றிருக்கலாம். கார் என்று ஒன்று இருந்தேயிராமலும் இருக்கலாம். நான் கேட்கவில்லை.