செண்பகவல்லி அம்மா சொல்லாத ஒரு வரி

எனக்கு முதலில் கெடுதல் செய்தவர் இன்ஜினியர் செண்பகவல்லி அம்மா. மற்றவர்கள் எல்லாம் அவருக்குப் பிறகுதான். இதை இப்போதே சொல்லிவிட்டால், பின்னால் நான் அவரைப் புகழும் இடங்களில் நீங்கள் குழம்ப மாட்டீர்கள்.

தண்ணீர் வேலையில் இருப்பவனுக்குக் கோடையில் திறக்காததற்கு ஏச்சு, மழையில் திறந்ததற்கு ஏச்சு. நான் எட்டாவதோடு நின்றவன். மன்னார்குடிக்குக் கிழக்கே, ஆற்றை மறித்துக் கட்டிய ஒரு ரெகுலேட்டரில் லஸ்கராக இருந்தேன். லஸ்கர் என்றால் ஆற்று ஷட்டரை ஏற்றி இறக்குபவன். மேலே இருப்பவர் சொல்வார், நாம் செய்வோம், ஊர் நம்மைத் திட்டும். இப்படி ஒரு வேலையில் வாங்கிக் கட்டிக்கொண்டவர் யாராவது இதைப் படித்தால் கொஞ்சம் தள்ளி உட்காருங்கள், நானும் உட்கார்ந்துகொள்கிறேன்.

இன்ஜினியர் எங்கே?

அம்மா வேலைக்குச் சேர்ந்த புதிது. மேட்டூரில் திறந்த தண்ணீர் எங்கள் பக்கம் வந்து சேர்ந்த நேரம். ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு, அளவுகோலில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். விவசாயச் சங்கத் தலைவர் நாலு பேரோடு வந்தார். அம்மாவைத் தாண்டி என்னிடம் வந்து, "இன்ஜினியர் எப்பப்பா வருவாரு?" என்றார்.

அம்மா நிமிர்ந்தார். "வந்தாச்சுங்க. நீங்கதான் இன்னும் பார்க்கலை."

கூட வந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். தலைவர் அம்மாவை ஒன்றும் சொல்ல முடியாமல் என்மேல் பாய்ந்தார். "ஏன்யா, இந்தப் பொண்ணுதான் இன்ஜினியருன்னு முன்னாடியே சொல்றதுக்கு உனக்கு என்ன வாய் வலிக்குதா?"

வீட்டுக்காரர்

ஒரு மதகுக்குப் பக்கச்சுவர் கட்டி முடித்திருந்தார்கள். அம்மா என்னிடமிருந்து கடப்பாரையை வாங்கித் தானே ஒரு குத்து குத்தினார். சுவர் புட்டு மாதிரி உதிர்ந்தது. காண்டிராக்டர் பதறவில்லை. குழந்தையிடம் பேசுவதுபோல், "நீங்க டென்ஷன் ஆகாதீங்கம்மா. உங்க வீட்டுக்காரர்கிட்ட நான் பேசிக்கிறேன். சார் என்ன பண்றாரு?" என்றார்.

அன்று நான் அடைந்த பெருமையை இப்போது நினைத்தால் எரிச்சல் வருகிறது. அம்மாவின் வாய் யாருக்கும் பயப்படாது என்று அன்றைக்குத்தான் நம்பத் தொடங்கினேன். அம்மா கடப்பாரையைக் கீழே வைக்காமலேயே சொன்னார்: "அவரு தமிழ் வாத்தியாருங்க. அவருக்கு சிமெண்ட்டு தெரியாது. எனக்குத் தெரியும், இடிங்க."

குடிக்காத தண்ணீர்

ரெகுலேட்டரில் ஷெட்டு உண்டு, கக்கூஸ் கிடையாது. ஆண்களுக்கு ஆற்றங்கரை போதும். அதனால் அம்மா காலையில் வந்தால் பொழுது சாய்கிற வரை ஒரு வாய் தண்ணீர் குடிக்க மாட்டார். பாலத்தடியில் கடை வைத்திருந்த ரஹ்மத் அக்கா இதைக் கவனித்துவிட்டு, ஒருநாள் கையைப் பிடித்து வீட்டுக்குள் கூட்டிப் போனார். அவருடைய வீட்டுக்காரர் சவுதியில். ஆம்பளை இல்லாத வீடு, கூச்சப்படாமல் வாங்க என்றார். பிறகு வெளியே வந்து என்னை ஒரு பிடி பிடித்தார். "ஊருக்கெல்லாம் தண்ணி விடுற பொம்பள நாக்கு வறண்டு நிக்கிது. கூட நிக்கிற உங்களுக்கெல்லாம் கண்ணு எங்கண்ணே இருக்கு?"

நான் பொறுப்பு

ஒரு வருஷம் பிடித்த மழை நிற்கவே இல்லை. ஆறு கரையைத் தொட்டு ஓடியது. மேலே ஒரு வளைவில் கரை கசிகிறது என்று அம்மா அங்கே மணல் மூட்டை அடுக்க ஓடினார். மதியம் அங்கிருந்து போன் செய்தார். "முருகையன், வடிகால் ஷட்டரை முழுசாத் தூக்குங்க."

அந்த வடிகால் போகிற வழியில் இருப்பது என் மனைவி பிறந்த ஊர். சம்பா கதிர் முற்றி, அறுப்புக்கு ஆள் சொல்லியிருந்தார்கள். வடிகால் குறுகல், தண்ணீர் வயலுக்குள் ஏறாமல் போகாது. "அம்மா, கீழ என் மச்சினன் ஊரு. பயிர் பூராப் போயிடும்மா" என்றேன். மழைச் சத்தத்துக்கு மேலே அம்மா சொன்னார்: "தெரியும் முருகையன். கரை உடைஞ்சா அந்த ஊரோட டவுனும் போயிடும். தூக்குங்க, நான் பொறுப்பு."

சாவி

ஷட்டர் சுற்றும் சாவி எப்போதும் லஸ்கரிடம்தான் இருக்கும். வேறு யாரும் தொடக்கூடாது என்பதற்காகச் சாப்பிடப் போனாலும் கையோடு எடுத்துப் போவோம். அதனால் எங்கள் பக்கத்தில் ஒரு கணக்கு உண்டு: சாவி யாரிடமோ, திறந்தவன் அவன்.

நான் தூக்கினேன். மறுநாள், பயிர் முங்கிப்போன அந்த ஊரே ரெகுலேட்டருக்கு வந்துவிட்டது. அம்மாவும் அவருக்கு மேலே இருந்த பெரிய அதிகாரியும் ஜீப்பில் வந்தார்கள். "யாரு திறக்கச் சொன்னது?" என்று ஊர்க்காரர்கள் கத்தினார்கள். "அம்மாதான் சொன்னாங்க" என்றேன். மாட்டிக்கொண்டவன் அப்படித்தான் சொல்வான் என்றது கூட்டம். அம்மா வாயைத் திறக்கப் போனார். அதிகாரி அவரை ஒரு பார்வை பார்த்தார். அம்மா குனிந்து அளவுகோலைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். விசாரிப்போம் என்று சொல்லி ஜீப்பில் ஏறிப் போனார்கள்.

கூட்டம் கலைந்த பிறகும் என் மச்சினன் மட்டும் நின்றான். அவன் கத்தவில்லை. "எங்க அக்காவ உங்களுக்குக் கொடுத்ததுக்கு நல்லா செஞ்சீங்க மாமா."

பொங்கல் வரிசை

விசாரித்தார்கள். என்னை வேறு மதகுக்கு மாற்றினார்கள். அது போகட்டும். பொங்கலுக்குப் பிறந்த வீட்டிலிருந்து என் மனைவிக்கு வரிசை வரும். பானை, கரும்பு, மஞ்சள் கொத்து, ஒரு சேலை. தம்பி தலையில் சுமந்து வந்து இறக்குவான். அந்த வருஷம் வரவில்லை. அடுத்த வருஷமும் இல்லை. நான் கடைத்தெருவில் நல்ல கரும்பாகப் பார்த்து வாங்கிவந்து சுவரில் சாய்த்தேன். அவள் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. "அவன் வெறுங்கையோட வந்து வாசல்ல நின்னாலும் போதுங்க."

தஞ்சாவூர் ஆபீஸ்

அம்மா பதவி உயர்ந்து தஞ்சாவூருக்குப் போய்விட்டார். தேடிப் போனேன். மச்சினன் ஊர்க்காரர்களிடம் வந்து ஒரு வரி சொல்லுங்கள் என்று கேட்டேன். 'நான்தான் திறக்கச் சொன்னேன்.' வேறு ஒன்றும் வேண்டாம். செய்தது தப்பும் இல்லையே, டவுன் பிழைத்ததே என்றேன்.

அவர் எனக்கு டீ வரவழைத்தார். தனக்கு வந்ததைக் குடிக்கவில்லை. கண் கலங்கியிருந்தது. அதனால் எனக்கு ஒரு பிரயோசனமும் இல்லை. "ஆம்பளை சொன்னா துணிஞ்சு முடிவெடுத்தார்னு எழுதுவாங்க முருகையன். நான் சொன்னா, பொம்பளை பயந்து ஊரை முக்கிட்டான்னுதான் எழுதுவாங்க. எனக்குப் பின்னாடி ஒரு பொண்ணுக்கும் ஆத்து வேலை கொடுக்க மாட்டாங்க."

திறப்பு விழா

நான் ஓய்வு பெற்று வெகுநாள் கழித்து, அந்த வடிகாலை அகலப்படுத்திப் புது ரெகுலேட்டரும் கட்டினார்கள். அதற்காக அலைந்து பணம் வாங்கி வந்தவர் செண்பகவல்லி அம்மாதான். இனி அந்த ஊர் முங்காது. இப்போது அவர் பெரிய அதிகாரி. ஓய்வு பெற அவருக்குக் கொஞ்ச நாள்தான் இருந்தது. இனியாவது சொல்வார் என்று என் மனைவியையும் கூட்டிப் போனேன். மேடையில் அவருக்குச் சால்வை போர்த்தியவன் என் மச்சினன்.

அம்மா என்னைப் பார்த்துவிட்டார். மைக்கில் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். "நான் இந்த ஆத்துல வேலை பழகினது இவர் கூடத்தான். ரொம்ப நல்ல மனுஷன். இவரை யாரும் தப்பா நினைக்காதீங்க" என்றார். கை தட்டினார்கள். நான் காத்திருந்தேன். அம்மா மைக்கை அடுத்தவரிடம் கொடுத்துவிட்டார்.

கீழே இறங்கியதும் மச்சினன் கிட்டே வந்தான். இத்தனை வருஷத்தில் அவன் என்னிடம் பேசிய முதல் பேச்சு. "நீங்க செஞ்ச வேலைக்கு இன்னிக்கும் உங்கள விட்டுக்கொடுக்காம பேசுறாங்க பாருங்க மாமா, அவங்க காலைத் தொட்டுக் கும்பிடணும் நீங்க."

பெண்கள் ஆற்று வேலைக்கு வர அந்த அம்மா வழி செய்தார், வெள்ளம் வடியவும் வழி செய்தார், எனக்குச் சேர வேண்டிய அந்த ஒரு வரிக்குத்தான் இன்னும் எந்த மதகும் திறக்கவில்லை.