காரணம் சொல்லாத ஸ்தோத்திரம்

அன்றைக்கு இன்பமணி அண்ணாச்சி என் கம்ப்யூட்டரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.

தூத்துக்குடியில் எங்கள் சபை அலுவலகம். ஆண்டவருக்கு நன்றியாக ஸ்தோத்திர காணிக்கை செலுத்துகிறவர்களின் பெயரையும் காரணத்தையும் ஞாயிற்றுக்கிழமை போதகர் ஐயர் பீடத்திலிருந்து வாசிப்பார். சீட்டு தொலைகிறது என்று அதற்குக் கம்ப்யூட்டரில் ஒரு ஃபாரம் செய்து கொடுத்திருந்தேன். எங்கள் வீட்டிலேயே முதல் டிகிரி என்னுடையது. அதை எதிலாவது காட்ட வேண்டாமா? காரணம் நிரப்பாவிட்டால் அது சீட்டை ஏற்காது. அதுவரை யாரும் மாட்டவில்லை. விசா, போர்வெல்லில் தண்ணீர், ஓடிப்போய்த் திரும்பி வந்த ஆடு என்று எங்கள் ஜனத்துக்குக் காரணத்துக்கா பஞ்சம்?

"காரணம் ஒண்ணும் போடாதல, ரெனிஷு," என்றார்.

"போடாட்டா ஏறாது அண்ணாச்சி."

"ஒனக்கு ஏறாது. மேல இருக்கவருக்கு ஏறும்லா?"

சபையிலேயே ஆண்டவரோடு பெரிய பேரம் பேசுகிறவர் அவர்தான். துறைமுகத்தில், கப்பலில் ஏற்றிய கண்டெய்னர்களை இரும்புக் கம்பியால் இறுக்கிக் கட்டுகிற காண்ட்ராக்ட் வேலை. பெர்மனென்ட் ஆக்கினால் லெந்து என்கிற தவக்காலம் நாற்பது நாளும் செருப்பில்லாமல் நடப்பதாகப் பொருத்தனை. ஆண்டவர் மசியவில்லை என்றதும் டீயை விடுவதையும் சேர்த்தார். ஏழு வருடம் இப்படியே போனது. போன ஜூனில் லிஸ்ட் வந்தது. பெயர் இல்லை. வயதும் தாண்டிவிட்டது.

"லிஸ்ட் வந்த மறுநாள் காலைல பழக்கத்துல முழங்கால் போட்டுட்டேன். கேக்க ஒண்ணுமில்ல. எந்திரிச்சிரலாம்னு பாத்தா மனசு வரல. ஏழு வருசமா வேலையப் பத்தித்தாம்ல பேசியிருக்கேன், அவரப் பாத்து ஒரு வார்த்த பேசலையே! ஒரே ஒரு தடவ ஒண்ணும் வாங்காம அவருக்கு நன்றி சொல்லணும்."

காரணம் என்ற இடத்தில் ஒரு புள்ளி வைத்தேன். ஏறிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை தேவபிரசாதம் ஐயர், "இன்பமணி, ஜெயஷீலா குடும்பத்தார்..." என்று வாசித்து, புள்ளியைப் பார்த்து, கண்ணாடியைத் துடைத்து, மறுபடி பார்த்து, "ஸ்தோத்திரம்" என்று முடித்தார்.

ஆராதனை முடிவதற்குள் காரணம் தெரியாமல் சபைக்கு வேர்த்துவிட்டது.

"மகளுக்கு மாப்பிள்ள அமைஞ்சிட்டு. துபாயாம்."

"இல்லவே, வேல கெடச்சிட்டு. கண்ணுபட்டிரும்னு மறைக்கான்."

சாயங்காலம் கூட வேலை பார்க்கிறவர்கள் பிரியாணி கேட்டு வீட்டுக்கே வந்துவிட்டார்கள். அவர்களை அனுப்பிவிட்டு ஜெயஷீலா அக்கா அவருடைய சட்டைப்பைகளை எல்லாம் திருப்பிப் பார்த்தார்.

"என்னத்த மறைக்கிய?"

"ஒண்ணுமில்லளா."

"ஒண்ணுமில்லாததுக்கு யாராச்சும் ஸ்தோத்திரம் பண்ணுவாவளா?"

மூன்று நாள் வீட்டில் பேச்சில்லை, குழம்பில் உப்புமில்லை. "சுகம் கெடச்சதுக்காகன்னு திருத்திருவோமா?" என்று கேட்டேன். அண்ணாச்சியின் தலை சரியென்று பாதி ஆடிவிட்டது. பிறகு, "வேண்டாம்ல. அப்புறம் அதுவும் வாங்கிட்டுச் சொன்னதாயிரும்," என்றார்.

அடுத்த ஞாயிறு சாட்சி நேரத்தில் ஐயருக்கே பொறுக்கவில்லை. "இன்பமணி எழும்பி, கர்த்தர் செய்த நன்மையைச் சொல்லலாமே," என்றார்.

அண்ணாச்சி எழுந்தார். "வேல கெடைக்கல. மாப்பிள்ளயும் வரல. அவரு நல்லவரு. அதச் சொல்லணும்னு தோணுச்சி. அவ்வளவுதான்."

உட்கார்ந்துவிட்டார். பெண்கள் பக்கமிருந்து ஜெயஷீலா அக்கா, "இத வூட்டுலயே சொல்லித் தொலைக்கதுக்கென்ன?" என்றார். கோயில் கொல்லென்று சிரித்தது. ஐயரின் வெள்ளை அங்கி குலுங்குவதை நானே பார்த்தேன். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

இன்பமணி அண்ணாச்சிக்கு இப்போது ஐம்பத்திரண்டு வயது. இன்னும் காண்ட்ராக்ட்தான். வேலைக்குக் கிளம்புமுன் அரைமணி நேரம் முழங்காலில் இருக்கிறார். என்ன கேட்டீர்கள் என்று அக்கா இப்போது விசாரிப்பதில்லை. சில நாள் அவரும் பக்கத்தில் முழங்கால் போட்டுக்கொள்கிறார்.