பின்னால் மட்டும் ஓடிய கார்

எங்கள் கார் பழுதாகி வீட்டுக்கு வந்தது பின்பக்கமாகத்தான். ராகலையிலிருந்து மேட்டில் ஏறி வரும்போது, தேயிலைத் தோட்டத்துக்குத் திரும்பும் சந்தியில் முன்னால் போகும் கியர் செத்துவிட்டது. எஞ்சின் மட்டும் கத்தியது, கார் நகரவில்லை. அப்பா ரிவர்ஸ் போட்டுப் பார்த்தார். அது ஒழுங்காக வேலை செய்தது. வேறு யாராக இருந்தாலும் இறங்கிப் போய் ஆள் கூட்டி வந்திருப்பார்கள். அப்பா காரைச் சந்தியில் உருட்டித் திருப்பி, எங்கள் வரிசை வீட்டு லயம் வரைக்கும் ரிவர்ஸிலேயே ஏற்றினார்.

அவர் கழுத்தைத் திருப்பிக்கொண்டு ஓட்ட, நான் பின் சீட்டில் முட்டிபோட்டுக் கண்ணாடி வழியாகப் பார்த்து வலம் இடம் சொல்லிக்கொண்டு வந்தேன். அம்மாவின் பாடுதான் மோசம். மேலே ஏறி வந்த பஸ் எங்கள் காரோடு மூக்கும் மூக்குமாக வந்தது. முன் சீட்டில் இருந்த அம்மா அந்த டிரைவரையும் கொண்டக்டரையும் வழி முழுக்க நேருக்கு நேராகப் பார்த்துக்கொண்டே வரவேண்டியிருந்தது. முந்தானையை இழுத்து முகத்தில் போட்டுக்கொண்டு சொன்னாள்:

"ஏங்க, என்னைய எறக்கி விட்ருங்க. நான் நடந்தே வந்திருறேன்."

"பேசாம இரு. இப்ப நிப்பாட்டினா ஏறாது."

மறுநாள் பள்ளிக்கூடத்தில் எனக்கு 'ரிவர்ஸ்' என்று பெயர் வந்தது. நான் ஏதாவது சொல்ல வாயைத் திறந்தால் பையன்கள் எல்லாரும் பின்பக்கமாக நடந்து காட்டுவார்கள்.

அப்பா முன்பு தோட்டத்துக் கொழுந்து லாரி ஓட்டினார். ஒருநாள் திடீரென்று விட்டுவிட்டார். தோட்டத்து மேனேஜர் துரையோடு ஒத்துவரவில்லை என்றார். கையில் கிடைத்ததையெல்லாம் போட்டு, பழைய துரை ஒருவரின் பங்களாக் கொட்டகையில் கிடந்த இந்தக் காரை வாங்கினார். அப்பாவைவிட வயதான கார். கிளட்ச் கிடையாது, கியர் தானாக மாறும். கல்யாணத்துக்கு வாடகை விடலாம், நாலு பேருக்கு அவசரம் என்றால் ஆஸ்பத்திரிக்கு ஓடலாம் என்று கணக்கு. அம்மா கொழுந்து பறித்துக் கொண்டுவருவது அரிசிக்கே காணாது. அடுத்த ஞாயிறு கந்தப்பளையில் ஒரு கல்யாணத்துக்குக் கார் தருவதாகச் சொல்லியாகிவிட்டது. அந்த நேரத்தில்தான் இது.

அம்மாவின் அண்ணன், எங்கள் மாமா, ராகலையில் கராஜ் வைத்திருந்தார். கார் நின்ற செய்தி கேட்டு அன்றைக்கே வந்தார். காருக்கடியில் தலையை விட்டுப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"மச்சான், இதத் தூக்கிக் குப்பையில போடு. எங்கிட்ட வேன் கியர் பொக்ஸ் ஒண்ணு சும்மா கெடக்கு, கிளட்ச் வச்சது. ஒரு நாள் வேலை. சாகுற வரைக்கும் ஓடும்."

"வேணாம் மச்சான். இதே மாதிரிதான் போடணும்."

"இதே மாதிரிக்கு எங்க போவ?"

"தேடுவேன்."

தேடவும் செய்தார். கொழும்புக்கு மரக்கறி ஏற்றிப் போன லாரிக்காரரிடம் சொல்லிவிட்டார், நாலாம் நாள் லீக்ஸ் சாக்கில் கட்டி, தானாக மாறும் பழைய ஓட்டோ கியர் பொக்ஸ் ஒன்று வந்து இறங்கியது. வீடெல்லாம் லீக்ஸ் நாற்றமும் எண்ணெய் நாற்றமும். மாமாவுக்கு ரோஷம் வந்துவிட்டது.

"ஏன், ஏங் கைவேலை மேல நம்பிக்கை இல்லியா?"

அப்பா ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு காரணம் சொன்னார். கார் அப்படியே பிறந்தது, மாற்றினால் மதிப்புப் போகும் என்றார். கல்யாணப் பெண்ணுக்குக் குலுங்காமல் போகவேண்டும் என்றார். ஒரு காரணமும் எனக்கே பிடிக்கவில்லை. ஒரே நாளில் முடிகிற வேலையை விட்டுவிட்டு, லயத்து வாசலில் மழையில் படுத்துக்கொண்டு கிடக்கிற மனிதரை என்ன செய்வது? எனக்குப் பெயர் மாறவேண்டும். கார் முன்னால் போனால் போதும்.

சேற்றில் ஜாக்கி புதைந்தது. அப்பா அம்மாவின் அம்மிக்கல்லைத் தூக்கிக்கொண்டு போய் அதற்கடியில் வைத்தார். துணி துவைக்கும் பேசினில் பழைய எண்ணெயைப் பிடித்தார். இரண்டு நாள் அம்மியில் அரைக்கும் சம்பல் இல்லாமல் வெறும் ரொட்டி தின்றோம்.

"அந்தக் காரையே அரைச்சுத் தின்னுங்க" என்றாள் அம்மா.

வெள்ளிக்கிழமை பின்னேரம் அம்மா கொழுந்து மலையிலிருந்து இன்னும் வரவில்லை. மாமா கோபத்தில் இருந்தார், அதனால் அப்பா தனியாகவே கியர் பொக்ஸை ஜாக்கியில் வைத்து ஏற்றினார். நான் டார்ச் பிடித்தேன். எஞ்சினோடு சேரும் இடத்தில் அது ஒழுங்காகப் போய் உட்காராமல் ஒரு விரல் இடைவெளி நின்றது. போல்ட்டை முறுக்கி இழுத்தால் உடைந்துவிடும் என்று அப்பா ஆட்டி ஆட்டிப் பார்த்தார். ஜாக்கி சரிந்தது. கியர் பொக்ஸின் ஒரு மூலை இறங்கி அப்பாவின் காலில் உட்கார்ந்தது.

"பதினாலாம் நம்பர் ஸ்பேனரக் குடு" என்றார் அப்பா.

நான் டார்ச்சைக் காலுக்குத் திருப்பினேன். பெருவிரல் நகம் பெயர்ந்து, ரத்தம் சேற்றில் ஓடியது.

"அப்பா, காலு!"

அவர் திரும்பிப் பார்த்தார். "அட, இது எப்ப?" என்றார். ஏதோ சட்டையில் கறை பட்டதைப் பார்ப்பது போலப் பார்த்தார். பிறகு ஜாக்கியை ஏற்றிக் காலை எடுத்தார், துணியைக் கிழித்துக் கட்டினார். முகம் சுருங்கக்கூட இல்லை.

"யார்கிட்டயும் சொல்லாத புள்ள. அம்மாகிட்டயும்."

இதையெல்லாம் சொல்லாமல் இருக்கிற பிள்ளையா நான்? இருந்தாலும் ஒரு இரவு முழுக்க அடக்கிக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை மாமா கடைசியாக ஒருமுறை சண்டை போட வந்தார். அப்பா கல்யாண வீட்டில் நாளைக்குக் கார் வருமென்று சொல்லப் போயிருந்தார். வாசலில் நான் மட்டும். அம்மா உள்ளே அடுப்பில்.

"எங்க ஒங்கப்பன்? மூள மழுங்கிப் போச்சு அவனுக்கு. புதுசா ஒண்ணு மாத்தச் சொன்னா பயந்து சாகுறான்."

எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "எங்கப்பாவுக்கா பயம்? கியர் பொக்ஸ் காலு மேலயே விழுந்துச்சு, எங்கப்பா அழவே இல்ல. அவருக்கு வலிக்கவே இல்ல! ரத்தம் வர்றத நான் சொல்லித்தான் பாத்தாரு. நீங்கன்னா கத்தி ஊரக் கூட்டியிருப்பீங்க."

மாமா சிரிக்கவில்லை.

"எந்தக் காலு?"

"எடது காலு."

அம்மா உள்ளிருந்து வந்து பளார் என்று ஒரு அறை வைத்தாள். எதற்கென்று சொல்லவில்லை. மாமா அம்மாவைப் பார்த்தார். அம்மா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். "லாரியும் இதனாலதானா?" என்று கேட்டார் மாமா. அம்மா உள்ளே போய் அடுப்பை ஊதினாள். மாமா சட்டையைக் கழற்றி வேலியில் போட்டுவிட்டுக் காருக்கடியில் படுத்தார்.

அப்பா வந்தபோது மாமா கியர் பொக்ஸை இறக்கி மறுபடி ஏற்றிக்கொண்டிருந்தார். கராஜிலிருந்து இரண்டு பேர் வந்திருந்தார்கள். வேன் கியர் பொக்ஸைப் பற்றி மாமா ஒரு வார்த்தை பேசவில்லை, அன்றைக்கும் சரி, அதற்குப் பிறகும் சரி. "நீ ஒக்காரு மச்சான், நான் பாக்குறேன்" என்றார். நான் கன்னத்தைத் தடவிக்கொண்டு நின்றேன். அப்பாவின் வீரத்தைக் கேட்டு மாமா பயந்துவிட்டார் என்று எனக்கு ஒரே பெருமை.

இதெல்லாம் பழைய கதை. அப்பா காலமாகி மூன்று மாதம் ஆகிறது. கருமாதி முடிந்த மறுநாள்தான் அம்மா வாய் திறந்தாள். சீனி வருத்தத்தில், அந்தச் சர்க்கரை வியாதியில், அப்பாவின் இடது கால் அப்போதே மரத்துப் போயிருந்ததாம். லாரியில் அந்தக் காலால் கிளட்சை மிதித்தாரா இல்லையா என்று குனிந்து பார்த்தால்தான் தெரியுமாம். வெளியே தெரிந்தால் யார் அவரை நம்பிக் காரில் ஏறுவார்கள்? பல வருடம் கழித்து வலது காலும் மரக்க ஆரம்பித்த அன்று, யாரும் சொல்லாமலே சாவியைக் கொண்டுபோய் மாமாவிடம் கொடுத்துவிட்டார். எனக்கு அழுகையைவிட எரிச்சல்தான் வருகிறது. என்னிடம் சொல்லியிருக்கலாம். எத்தனை நாள் அந்தக் காருக்காக அவரோடு முகம் கொடுத்துப் பேசாமல் இருந்திருக்கிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கார் முன்னால் போனது. பையன்கள் பார்க்கட்டும் என்று நான் முன் சீட்டில் ஏறப் போனேன். மாமா என்னைப் பின்னால் தள்ளிவிட்டு அவர் ஏறிக்கொண்டார். கல்யாணத்துக்கு அழைப்புக்கூட இல்லாத மனிதர். பொண்ணும் அவள் அம்மாவும் நானும் பின்னால் நசுங்கிக்கொண்டு போனோம். அடுத்து வந்த வாடகைகளுக்கும் கராஜைப் பூட்டிவிட்டு வந்து அதே சீட்டில் உட்கார்ந்தார். அந்த முதல் நாள் கந்தப்பளை வரைக்கும் ஒவ்வொரு வளைவிலும் அவர் கை ஹேண்ட் பிரேக் மேலேயே இருந்தது. அப்பா அதை ஒருமுறை பார்த்துவிட்டு ரோட்டைப் பார்த்து ஓட்டினார். நான் பின்னாலிருந்து மாமாவின் சீட்டை உதைத்துக்கொண்டே போனேன்.