ரப்பர்க்கொட்டை எண்ணெயில் ஓடிய ஜீப்

டீசல் மெக்கானிக்கிடம் யாரும் சிரித்த முகத்தோடு வருவதில்லை. வண்டி வைத்துப் பாடுபடும் உங்களுக்கு அதை நான் சொல்ல வேண்டியதில்லை.

வெள்ளைத் துணி

அமரவிளையில் என் பட்டறை. ஆரியங்கோட்டு ஞானதாஸ் அண்ணனிடம் ஒரு பழைய ஜீப் உண்டு. அதை ஸ்டார்ட் செய்தால் கரும்புகை நேராக வீட்டுக்குள் போகும். அவர் மனைவி ரோஸ்லெட் மைனிக்கு ஆஸ்துமா. யாரோ சொன்னார்கள் என்று, அண்ணன் ரப்பர்க்கொட்டை எண்ணெயிலிருந்து எடுத்த பயோடீசலை ஒரு கேனில் வாங்கி வந்தார்.

சைலன்சர் வாயில் வெள்ளைத் துணியைப் பிடித்துப் பார்த்தோம். டீசலுக்குத் துணி அடுப்புக்கரி போலக் கறுத்தது. பயோடீசலுக்கு லேசான பழுப்புதான். அந்த எண்ணெயிலேயே ஆக்சிஜன் கலந்திருப்பதால் கரி மிஞ்சாமல் எரிகிறது என்று விளக்கினேன். மைனி அருகில் வந்து மெல்ல மூச்சை இழுத்துப் பார்த்தார். "பப்படம் பொரிச்ச மணமாக்கும் மக்கா. எனக்கு இருமலே வரல்ல."

வெள்ளறடை ஏற்றம்

ஒரு மாதம் கழித்து அண்ணனோடு வெள்ளறடைக்குப் போனேன். மேட்டில் ஜீப் திணறியது. டீசல் அளவுக்கு இதில் வேகம் கிடைக்காது, எண்ணெயும் கொஞ்சம் கூடுதலாகக் குடிக்கும். பழையபடி டீசலே ஊற்றலாமே என்றேன். அவர் கியரை மாற்றியபடி சொன்னார்: "மெதுவா போனா போரும்லே. வீட்டுல அவ மூச்சு விடுதாளே."

வழியில் நின்றது

டீசல் ஓடிய பழைய டாங்கில் அடியில் கசடு உறைந்திருக்கும். பயோடீசல் அதை இளக்கிக் கொண்டுவந்து ஃபில்டரை அடைத்துவிடும். டாங்கைக் கழுவித்தான் ஊற்ற வேண்டும். எனக்கு அது தெரியும். வேலை நெருக்கடியில், கழுவாமலே ஊற்றிவிட்டு, அடுத்த வாரம் பார்க்கலாம் என்று தள்ளிக்கொண்டே போனேன்.

அடைமழைக் காலையில் மைனிக்கு மூச்சு முட்டியது. நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் ஜீப் நின்றுவிட்டது. அண்ணன் போன் செய்தார். நான் போய்ச் சேருவதற்குள் யாரோ மைனியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போயிருந்தார்கள். ஃபில்டரைத் திறந்தேன், தார் போலக் கசடு. மூன்றாம் நாள் மைனி இறந்துபோனார்.

கல்லறைத் தோட்டத்தில் மழை நிற்கவில்லை. "அண்ணே, எனக்க தப்பாக்கும்" என்றேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. "எலே, ஆருக்க தப்புன்னு கேக்க எனக்கு இப்போ தெம்பில்ல. அந்தக் குடைய அவளுக்க பெட்டிக்கு மேல பிடி."

எது நன்றாக எரியும் என்று கேட்டு வருகிறவர்களுக்கு, இப்போதெல்லாம் டாங்கைக் கழுவி முடித்த பிறகுதான் பதில் சொல்கிறேன்.