மறுமுனை பிடிக்க ஓர் ஆள்

ரொறன்ரோவில், வோபர்ன் பக்கம் நான் தங்கியிருக்கும் அடுக்குமாடியின் சலவை அறை. ஊரில் சண்டை முடிந்துவிட்டதென்று வானொலி சொல்லி இன்றோடு மூன்று நாள். என் வாய் சும்மா இராதே, பக்கத்தில் நிற்கும் அன்ரியிடம் பேச்சுக் கொடுக்கிறேன். வன்னியில் மரத்தடியிலேயே காயக்காரருக்கு மருந்து கட்டத் தொடங்கிய முதல் தாதி அவர். பழைய வேட்டிகளை அவித்துக் கிழித்துத்தான் அங்கே கட்டுத்துணி. இங்கேயும் கோயிலில் வேட்டி கேட்டு வாங்கிக் கிழிக்கிறார். ஒரு முனையைச் சலவை மெசின் கைப்பிடியில் முடிச்சுப் போட்டுவிட்டு, மறுமுனையிலிருந்து சுருட்டுகிறார்.

“வன்னிக்கு அனுப்பப் பாதை இல்லையே, அன்ரி?”

“பாதை திறக்கேக்க துணி இல்லையெண்டால்? சண்டை முடிஞ்ச உடன காயம் ஆறுமே, தம்பி?”

“உந்தத் துணியை ஏன் மெசினில கட்டியிருக்கிறியள்?”

“அங்க மற்றப் பக்கம் பிடிக்க ஒரு பிள்ளை நிண்டவள். நான் பழக்கின பிள்ளை. நாலு மாதமாப் போன் இல்லை. மெசின் பரவாயில்லை, உம்மை மாதிரிக் கேள்வி கேக்காது.”

முடிச்சை அவிழ்த்து முனையை நானே பிடிக்கிறேன்.

“இழுத்துப் பிடியும், தம்பி. அவள் தொய்ய விடவே மாட்டாள்.”